மெக்வாரியர் 5 மெர்சனரீஸ்: குண்டை எண்ணிச் சுடறவனோட ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், இது முழு கேம் ரிவ்யூ இல்ல. கதை எப்படி, கிராஃபிக்ஸ் எப்படின்னு பாக்க வந்தீங்கன்னா ஏமாந்துதான் போவீங்க. கதை சுமார், அப்பாவக் கொன்னவன் யாருன்னு தேடிப் போற பையன், கையில உடைஞ்ச ரோபோ (கேம்ல அதுக்கு மெக்னு பேரு, நாம உள்ள ஒக்காந்து ஓட்டணும்), கழுத்து வரைக்கும் கடன், அவ்ளோதான். நான் இந்த கேம இன்னும் அன்இன்ஸ்டால் பண்ணாம வச்சிருக்கறதுக்கு ஒரே காரணம் இதுல இருக்கற பீரங்கிங்க. லேசர் அடிக்கறதுல எனக்கு பெருசா ஆர்வம் கெடையாது, லைட்டு மாதிரி ஒரு கோடு வரும் போகும், எதிராளி மேல சிவப்பாகும், சரி. ஆனா 50 டன் ரோபோ தோள்ல இருந்து ஒரு குண்டு கெளம்பறப்போ காக்பிட்டே ஒரு குலுக்கு குலுங்கும் பாருங்க, அதுக்காகத்தான் இவ்ளோ நாளா ஆடிட்டு இருக்கேன். அதனால இந்த ரிவ்யூ முழுக்க பாலிஸ்டிக் ஆயுதத்தப் பத்தி, அதாவது குண்டு சுடற சாமானப் பத்தி மட்டும்தான், எது எடுக்கலாம், எப்படி பழகலாம், எங்க நான் மண்ணக் கவ்வினேன், எல்லாம்.

இதுல பீரங்கிக்கு பேரு ஆட்டோகேனன், சுருக்கமா ஏசி. ஏசி/2, ஏசி/5, ஏசி/10, ஏசி/20. மொத தடவ பாத்தப்போ ரோபோவுக்கு எதுக்குடா இருபது டன் ஏசின்னு சிரிச்சேன், அப்புறம் பாத்தா பேருக்கு ஏத்த மாதிரி லேசரோட கம்பேர் பண்ணா இது நெஜமாவே கூல்தான், அடிக்கற அடிக்கு சூடு ரொம்ப கம்மி. அந்த நம்பர் டன்னும் இல்ல மில்லிமீட்டரும் இல்ல, எவ்ளோ அடி விழும்ங்கறதுதான். இந்த கணக்கு எல்லாம் பேட்டில்டெக்னு ஒரு போர்டு கேம்ல இருந்து வருது, 1984ல வேற பேர்ல வந்து, அடுத்த வருஷம் இந்த பேருக்கு மாறுச்சு. 1989ல மொத மெக்வாரியர் கம்ப்யூட்டர் கேம் வந்துச்சு. இவ்ளோ வருஷம் கழிச்சு 2019 டிசம்பர்ல பிரானா கேம்ஸ் இந்த அஞ்சாவது பாகத்த விட்டப்பவும் பீரங்கியோட எடை மட்டும் அப்படியே இருக்கு. ஏசி/2 ஆறு டன், ஏசி/5 எட்டு டன், ஏசி/10 பன்னெண்டு டன், ஏசி/20 பதினாலு டன். இந்த நாலு நம்பர மனப்பாடம் பண்ணிக்கோங்க, மெக்லேப்ல ஒக்காந்து ரோபோவ பிரிச்சு மேயறப்போ இதுதான் உங்க தலையெழுத்து.

புதுசா வர்றவங்க எல்லாரும் ஒரே கேள்விதான் கேப்பாங்க. மீடியம் லேசர் ஒரே ஒரு டன், குண்டும் வேணாம், அப்புறம் எதுக்கு 14 டன் தூக்கிட்டு அலையணும்? நியாயமான கேள்வி. நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் ஆறு லேசர மாட்டிட்டு திரிஞ்சேன், ரெண்டு தடவ எல்லாத்தையும் சேத்து அமுக்கினா ரோபோ சூடேறி ஆஃப் ஆகி நடுரோட்டுல செல மாதிரி நிக்கும், சுத்தி நிக்கறவன் எல்லாம் பொறுமையா வந்து அடிச்சுட்டு போவான்.

போர்டு கேம் கணக்கு ஒண்ணு சொல்றேன், இத ஒரு நாள் ராத்திரி பேப்பர்ல எழுதிப் பாத்துட்டு அசந்துட்டேன். பிபிசின்னு ஒரு எனர்ஜி கன் இருக்கு, 7 டன், அடி 10, சூடு 10. ஏசி/10 எடுத்தீங்கன்னா 12 டன், அடி அதே 10, சூடு வெறும் 3. ஒரு ஹீட் சிங்க் ஒரு டன், அது ஒரு பாயிண்ட் சூட்ட எறக்கும். இப்போ பிபிசிய நிறுத்தாம சுடணும்னா 7 டன் கன்னு, அதோட 10 ஹீட் சிங்க், ஆக 17 டன். ஏசி/10க்கு 12 டன் கன்னு, 2 டன் குண்டு, 3 ஹீட் சிங்க், அதுவும் 17 டன்! அதாவது எடை ஜாஸ்தின்னு பீரங்கிய திட்டறவன் ஹீட் சிங்க்க எண்ண மறந்துட்டான்னு அர்த்தம். ஆனா இதுல ஒரு உள்குத்து இருக்கு, டபுள் ஹீட் சிங்க் கெடைச்சா ஒரு டன்னுக்கு ரெண்டு பாயிண்ட் எறங்கும், அப்போ பிபிசி பக்கம் 12 டன்ல முடிஞ்சிரும், நம்மாளு 15க்கு மேல நிப்பான். அதனால கேம்ல ஆரம்ப காலத்துல, சிங்கிள் ஹீட் சிங்க் மட்டும் கையில இருக்கறப்போ, பீரங்கி ஒண்ணும் நஷ்டம் கெடையாது. காசு சேந்து நல்ல சாமான் வந்தப்புறம்தான் லேசர்காரன் முந்துவான். வீடியோ கேம்ல சூட்டு நம்பர் எல்லாம் கொஞ்சம் மாறும், ஆனா போக்கு இதேதான்.

சரி, எத எடுக்கறது?

எல்லாரும் நேரா ஏசி/20க்குத்தான் போவாங்க. நானும் போனேன். ஹன்ச்பேக்னு ஒரு மெக் இருக்கு, 50 டன், வலது தோள்ல கூன் விழுந்த மாதிரி ஒரு பெரிய பெட்டி, அதுக்குள்ள ஏசி/20. கன்னு 14 டன், குண்டு 2 டன், மொத்தம் 16 டன், ரோபோவோட எடையில மூணுல ஒரு பங்கு கிட்ட ஒரே ஆயுதத்துக்கு போயிருச்சு. போர்டு கேம் கணக்குல ஒரு டன்னுக்கு அஞ்சே அஞ்சு குண்டு, ஆக மொத்த சண்டைக்கும் பத்து. கம்ப்யூட்டர் கேம்ல கொஞ்சம் தாராளமா தருவாங்க, ஆனா அந்த எண்ணி எண்ணி சுடற பயம் அப்படியே இருக்கும். தூரமும் அப்படித்தான், 9 கட்டம், ஒரு கட்டம் 30 மீட்டர், ஆக 270 மீட்டர். அதுக்கு மேல நிக்கறவன் மேல சுட்டா காசக் கரியாக்கறதுதான். ஆனா அந்த 270க்குள்ள எவனாவது மாட்டினா, சின்ன மெக்கா இருந்தா காலு தனியா கையி தனியா போகும், அத பாத்துட்டு லேசருக்கு திரும்பிப் போக மனசே வராது.

ஆனா மொத பீரங்கியா அத எடுக்காதீங்கன்னுதான் நான் சொல்லுவேன். ஏசி/5 எடுங்க. எட்டு டன், எட்டற தூரம் ஏசி/20 மாதிரி ரெண்டு மடங்கு, ஒரு டன்னுக்கு 20 குண்டு. ஒண்ணு தவறினா அழ வேணாம். ஷேடோ ஹாக்ல இது வரும், 55 டன் மெக், பாக்க சுமாரா இருக்கும், ஓடும் குதிக்கும். அதுல ஒரு இருபது மிஷன் போயிட்டு வந்தீங்கன்னா எங்க குறி வைக்கணும்னு கை தானா பழகிரும், அதுக்கப்புறம் ஏசி/20ய கையில குடுத்தா ஒரு குண்டும் வீணாகாது. நேரா பெருசுல ஆரம்பிச்சவன் நாலு குண்டு வானத்துல விட்டுட்டு பீரங்கியே வேஸ்ட்டுன்னு சொல்லுவான், நான் பாத்திருக்கேன், ஏன், நானே சொல்லியிருக்கேன்.

ஏசி/2 பத்தி ஒரு வார்த்த. போர்டு கேம்ல இது பரிதாபம், 6 டன் தூக்கிட்டு போய் 2 பாயிண்ட் அடி, அங்க எல்லா கன்னும் 10 செகண்டுக்கு ஒரு தடவதான் சுடும். கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு கன்னுக்கும் ரீலோட் வேற வேற, ஏசி/2 டப டபன்னு அடிச்சுட்டே இருக்கும், அதனால இங்க அதுக்கு ஒரு மரியாத இருக்கு. தூரத்துல நின்னுட்டு டாங்கியையும் ஹெலிகாப்டரையும் பொறுக்கறதுக்கு இத மாதிரி இல்ல. ரெண்டு மாட்டின பிளாக்ஜாக் வச்சிருந்தேன், சத்தம் மட்டும் கொஞ்ச நேரத்துல தலவலி குடுத்துரும்.

இப்போ என் மானம் போன கத. ஹன்ச்பேக் கையில வந்த புதுசு, குண்டு இன்னும் வேணும்னு ஆச, மூணு டன் எக்ஸ்ட்ரா தூக்கி எல்லாத்தையும் கன்னுக்குப் பக்கத்துல நெஞ்சுல திணிச்சேன். எடை எங்க இருந்து வந்துச்சு? முன்பக்க கவசத்த கொறச்சேன். புத்திசாலின்னு நெனப்பு. மூணாவது நிமிஷம் எவனோ ஒருத்தன் நெஞ்சுல அடிச்சான், கவசம் கிழிஞ்சுது, அடுத்த அடி உள்ள இருந்த குண்டுல பட்டுச்சு. திரை வெள்ளையாச்சு, அப்புறம் மிஷன் ஃபெயில்டுன்னு வந்துச்சு. யாரும் என்ன கொல்லல, என் சாமானே என்ன கொன்னுச்சு. போர்டு கேம்ல ஒரு டன் ஏசி/20 குண்டு வெடிச்சா அஞ்சு இன்ட்டு இருபது, நூறு பாயிண்ட் அடி உள்ளுக்குள்ளயே. அதவிட கொடும மெஷின் கன் குண்டு, ஒரு டன்னுக்கு 200, ஒவ்வொண்ணும் 2 பாயிண்ட், ஆக 400. கொசு அடிக்கற துப்பாக்கின்னு நெனச்சு முழு டன் ஏத்துவோம், அது வெடிச்சா ரோபோ இருந்த எடத்துல பள்ளம்தான் இருக்கும். அரை டன் வாங்கற வசதி இருக்கு, மெஷின் கன்னுக்கு அரை டன்னுக்கு மேல வாங்காதீங்க.

அதுல இருந்து நான் குண்ட கால்லதான் வைப்பேன். நெஞ்சுதான் எல்லாரும் குறி வைக்கற எடம், கால் மேல அடி கம்மியா விழும், அதுவும் இல்லாம சண்ட ஆரம்பிச்சு மொதல்ல கொஞ்ச நேரம் சுட்டு குண்டு கொறஞ்சிருச்சுன்னா வெடிக்கறதுக்கும் கம்மியாத்தான் மிச்சம் இருக்கும். தலையில வைக்கலாம்னு ஒருத்தர் சொல்லுவாரு, அவர் பேச்ச கேக்காதீங்க.

இனி குறி வைக்கறது. லேசர்னா எங்க பாக்கறோமோ அங்க படும். பீரங்கி குண்டு பறந்து போய் சேரணும், அதுக்குள்ள எதிராளி நகந்திருப்பான். ஒரு கணக்குக்கு குண்டு செகண்டுக்கு 650 மீட்டர் போகுதுன்னு வச்சுக்கோங்க. 270 மீட்டர் போக 0.4 செகண்ட் ஆகும். அட்லஸ் மாதிரி 100 டன் ஆசாமி மணிக்கு 54 கிலோமீட்டர்ல வருவான், அந்த நேரத்துல ஆறு மீட்டர் நகருவான், அவன் ஒடம்பு சைஸுக்கு அது ஒண்ணுமே இல்ல, கொஞ்சம் முன்னாடி வச்சா போதும். லோகஸ்ட்னு ஒரு 20 டன் குட்டிச்சாத்தான் இருக்கு, அது 129 கிலோமீட்டர் வேகத்துல குறுக்க ஓடும், அதே நேரத்துல 15 மீட்டர் போயிருக்கும். அதாவது அது இருக்கற எடத்துல சுடவே கூடாது, அது இன்னும் போகாத எடத்துல சுடணும். இத படிச்சா வராது. எனக்கு வந்தது எப்படின்னா, ஓடற லோகஸ்ட்ட தொரத்தாம க்ராஸ்ஹேர, அதாவது ஸ்க்ரீன்ல இருக்கற குறிய, ஒரு எடத்துல நிறுத்திட்டு அது அந்த பக்கமா வர்றப்போ முன்கூட்டியே அமுக்கறது, கதவுகிட்ட ஒளிஞ்சு நின்னு வர்றவன பயமுறுத்துவோமே அந்த டைமிங்தான். அதவிட ஈஸி, அது நேரா நம்ம பக்கம் ஓடி வர்ற வரைக்கும் வாய மூடிட்டு இருக்கறது. நேரா வர்றவனுக்கு லீட், அதாவது முன்னாடி தள்ளி குறி வைக்கறது, தேவையே இல்ல.

இங்கதான் நெறைய பேரு செய்யற ஒரு தப்பு இருக்கு. ஏசி/20ம் மீடியம் லேசரும் ஒரே பட்டன்ல வச்சிருப்பாங்க. பீரங்கிக்கு முன்னாடி தள்ளி குறி வச்சா லேசர் காத்துல போகும், லேசருக்கு நேரா வச்சா குண்டு முதுகுக்குப் பின்னால போகும். எப்படி வச்சாலும் ஒண்ணு வீண். வெப்பன் குரூப் பிரிக்கற வசதி இதுக்குத்தான் குடுத்திருக்கான். என்னோடதுல இடது கிளிக் பீரங்கி மட்டும், வேற எதுவும் அதுல சேராது. வலது கிளிக் லேசர். ரெண்டு வேற வேற பீரங்கி இருந்தாலும் பிரிச்சுத்தான் வைப்பேன், ஏன்னா ஏசி/2 குண்டு பறக்கற வேகம் வேற, ஏசி/20 வேகம் வேற. மவுஸ் கிளிக் பத்தி பேசறப்போ ஞாபகம் வருது, நான் வாங்கின ஒரு மவுஸுல இடது கிளிக் ஒரு தடவ அமுக்கினா ரெண்டு தடவ போக ஆரம்பிச்சுது, பிரவுசர்ல யாரும் கவனிக்க மாட்டாங்க, இங்க ஒவ்வொரு டபுள் கிளிக்கும் ஒரு குண்டு. ரெண்டு நாள் கேம்லதான் ஏதோ கோளாறுன்னு திட்டிட்டு இருந்தேன்.

அப்புறம் மேடு. இத யாரும் சொல்லித் தர மாட்டாங்க. காக்பிட் மேல இருக்கும், நீங்க அங்க இருந்து பாப்பீங்க, க்ராஸ்ஹேர் எதிராளி மேல சுத்தமா இருக்கும், அமுக்குவீங்க, குண்டு உங்க முன்னாடி இருக்கற மண்மேட்டுல போய் வெடிக்கும். ஏன்னா கன்னு காக்பிட்ல இல்ல, கையில இருக்கு, கை கீழ தொங்குது. கிங் கிராப்னு 100 டன் நண்டு ஒண்ணு இருக்கு, ரெண்டு கையிலயும் ஏசி/20, பாத்தாலே பயம் வரும், ஆனா அந்த கை ரெண்டும் இடுப்புக்குக் கீழ. மொத தடவ அத எடுத்துட்டு போனப்போ ரெண்டு ரெண்டா ஆறு குண்ட ஒரே மேட்டுல நட்டேன், மேடுதான் எதிரின்னு நெனச்சு யாராவது பாத்தா கைதட்டியிருப்பாங்க. ஹன்ச்பேக்கோட அருமை அப்பத்தான் தெரிஞ்சுது, கூன் தோள்ல இருக்கறதால மேட்டுக்கு மேல தலைய மட்டும் நீட்டி அடிச்சுட்டு திரும்ப எறங்கிரலாம். அதனால பீரங்கி செலக்ட் பண்றப்போ கன்ன மட்டும் பாக்காதீங்க, அது எந்த உயரத்துல ஒக்காந்திருக்குன்னு பாருங்க. கையில இருந்தா பக்கவாட்டுல திருப்பி சுடலாம், அது ஒரு லாபம், நெஞ்சுல இருந்தா மொத்த ஒடம்பையும் திருப்பணும். ஸ்க்ரீன்ல ரெண்டு குறி தெரியும் பாருங்க, ஒண்ணு கைக்கு, ஒண்ணு ஒடம்புக்கு, ரெண்டும் ஒண்ணா சேர்ற வரைக்கும் ஒரு நொடி காத்திருந்தா பாதி மிஸ் கொறையும்.

பர்ஸ்ட் டைப் பீரங்கின்னு ஒரு வகையும் இருக்கு, ஒரு பெரிய குண்டுக்கு பதிலா சின்ன சின்னதா வரிசையா துப்பும். கடைல ரெண்டும் கெடைக்கும். பர்ஸ்ட்ல ஒண்ணு ரெண்டு எப்படியும் பட்டுரும், அது ஓடற ஆளுக்கு நல்லது. ஆனா அடி ஒடம்பு பூரா செதறிப் போகும். பீரங்கியோட மொத்த பலமே ஒரே எடத்துல மொத்தமா போய் விழறதுல இருக்கு, கவசம் ஒரு எடத்துல ஓட்டை விழுந்தா போதும் கதை முடிஞ்சுது, அத நாலு எடத்துல பிச்சுப் பிச்சு போட்டா என்ன பிரயோஜனம்? நான் ஒத்தக் குண்டு கட்சி. இதுல என்னோட சண்ட போடறவங்க நெறைய இருக்காங்க, இருக்கட்டும்.

எல்பி 10-எக்ஸ்ங்கற பீரங்கி இதுக்கு நேர் எதிர், ஷாட்கன் மாதிரி சிதறும். 11 டன்தான், ஏசி/10 விட ஒரு டன் கம்மி. இத மொத அடிக்கு எடுக்காதீங்க, இன்னொருத்தன் கவசத்த கிழிச்சு வச்சதுக்கப்புறம் அந்த ஓட்டைக்குள்ள போய் உள்ள இருக்கறத எல்லாம் கலைக்கறதுக்குத்தான் இது. அல்ட்ராங்கற வகை பீரங்கியில ரெண்டு மடங்கு வேகமா சுடலாம், ஆனா ஜாம் ஆகும், ஆகக்கூடாத நேரத்துலதான் ஆகும்.

காஸ் ரைஃபில் பத்தி சொல்லாம விட்டா அடிக்க வருவீங்க. 15 டன். காந்த சக்தியில ஒரு உலோக உருண்டைய தள்ளி விடும், வெடிமருந்தே கெடையாது. அடி 15, சூடு 1, தூரம் 22 கட்டம், அதாவது 660 மீட்டர். குண்டு வெடிக்காது, எங்க வேணா வைங்க. அப்போ பிரச்சனையே இல்லயான்னு கேட்டா, கன்னே வெடிக்கும். அடிபட்டா உள்ள சேத்து வச்ச கரண்ட் மொத்தமும் உள்ளயே எறங்கும். இதே கம்பெனியோட ஆன்லைன் கேம்ல காஸ் சுடணும்னா பட்டன அமுக்கிப் பிடிச்சு சார்ஜ் ஏத்தி, சரியான நேரத்துல விடணும், லேட் பண்ணா சார்ஜ் போயிரும், அதுல பழகின கைக்கு ஒரு பொறுமை வரும். மெர்சனரீஸ்ல காஸ் கெடைக்கறதே அபூர்வம், கதை 3015ல ஆரம்பிக்குது, அந்தக் காலத்துல பழைய டெக்னாலஜி எல்லாம் தொலைஞ்சு போச்சுன்னு வச்சிருக்காங்க. கெடைச்ச அன்னிக்கு நான் அத மாட்டாம மூணு மிஷன் பெட்டியிலயே வச்சிருந்தேன், ஒடைஞ்சிருமோன்னு பயம், இப்படியும் ஒரு பைத்தியம்.

கடை பத்தி ரெண்டு வரி. ஆயுதத்துக்கு 0ல இருந்து 5 வரைக்கும் தரம் இருக்கு, ஒரே ஏசி/10 தான், தரம் ஏற ஏற நல்லா வேல செய்யும். காசு குடுத்து வாங்கறத விட மிஷன் பேரம் பேசறப்போ சால்வேஜ் பக்கம் பாயிண்ட் போட்டு செத்தவன் கன்ன தூக்கிட்டு வர்றதுதான் நல்லது. அதுக்காகவே எதிராளியோட எந்தப் பக்கம் பீரங்கி இருக்குன்னு பாத்து அந்தப் பக்கத்த விட்டுட்டு கால அடிப்பேன். கூட வர்ற மூணு ஏஐ பைலட்டுக்கு மட்டும் பெரிய பீரங்கி குடுக்காதீங்க. அவங்களுக்கு பாலிஸ்டிக் ஸ்கில்லுனு தனியா ஒண்ணு இருக்கு, ஏறும், இருந்தாலும் காலி கட்டடத்துக்கும் ஓடிப்போற ஜீப்புக்கும் ஏசி/20 குண்ட விட்டுட்டு கடைசில பெரியவன் வர்றப்போ வெறுங்கையோட நிப்பாங்க. அவங்களுக்கு லேசர் குடுத்துட்டு பீரங்கிய நீங்க வச்சுக்கோங்க. கட்டடம் இடிக்கற மிஷன்ல குண்டே செலவு பண்ணாதீங்க, கால் எதுக்கு இருக்கு, மேல ஏறி நடந்தா இடிஞ்சுது.

கேம்ல எனக்குப் பிடிக்காதது எதிரிங்க திடுதிப்புன்னு முளைக்கறது. எட்டு பேரு இருக்கான், இவ்ளோ குண்டு போதும்னு கணக்கு பண்ணி முடிச்சு மூச்சு விடறப்போ முதுகுக்குப் பின்னாடி இன்னொரு கூட்டம் எறங்கும். லேசர்காரனுக்கு அது எரிச்சல், அவ்ளோதான். பீரங்கிக்காரனுக்கு அது அநியாயம், ஏன்னா அவன் போட்ட கணக்கயே அது செல்லாக்காசு ஆக்குது. அதனால நான் எப்பவும் கணக்குக்கு மேல ஒரு டன் சேத்து எடுத்துட்டுப் போறேன், இப்படி எதிரிங்கள எறக்கறது சரியான டிசைன் இல்லங்கறது என் கருத்து. மிஷன் எல்லாம் கொஞ்ச நாள்ல ஒரே மாதிரி தெரியும், அதையும் மறைக்க விரும்பல.

ஆர்மர்ட் கோர் 6 ஆடினவங்க அது எப்படின்னு கேப்பீங்க. 2023 ஆகஸ்ட்ல வந்த ஃப்ரம்சாஃப்ட்வேர் கேம், அதுவும் ராட்சச ரோபோதான், ஆனா அங்க பீரங்கிக்கு வேலயே வேற. இங்க ஓட்டை போடறது, அங்க தடுமாற வைக்கறது. ஒவ்வொரு குண்டும் எதிராளியோட ஸ்டாகர் மீட்டர ஏத்தும், நெறைஞ்சா அவன் அப்படியே ஒறைஞ்சு நிப்பான், அப்போ பெரிய அடிய எறக்கணும். அதனால ஒத்த பெரிய குண்ட மொதல்ல விட்டா வேஸ்ட், ரெண்டு கையில டப டபன்னு சுடற கேட்லிங் கன் வச்சு மீட்டர ஏத்திட்டு கிரெனேட கடைசிக்கு வச்சிருக்கணும். தூரம் அங்க இன்னும் கறார், கன்னோட சரியான தூரத்துக்கு வெளிய போயிட்டா குண்டு பட்டும் கவசத்துல தெறிச்சுப் போயிரும், அதனால பீரங்கிக்காரன் அங்க மூக்கோட மூக்கு உரசணும். மொத சாப்டர் கடைசில வர்ற பால்டியஸ்ங்கற பெரிய எதிரி கிட்ட எல்லாரும் இத கத்துக்கிட்டாங்க, அவனோட பல்ஸ் ஷீல்ட வெறும் குண்டால தட்டிட்டு இருந்தா விடிஞ்சிரும், அதுக்குன்னு ஒரு பல்ஸ் கன்னும் கூட வேணும். அங்க ஒரு நல்ல விஷயம், கடைல வாங்கின வெலைக்கே திரும்ப வித்துக்கலாம், அதனால எல்லா கன்னையும் தைரியமா முயற்சி பண்ணலாம். குண்டுக்கு தனியா பில் வரும், சம்பளத்துல பிடிப்பாங்க. எனக்கு அந்த கேம் பிடிக்கும், ஆனா அங்க ரோபோ பறக்குது, எடை தெரியல. எடை வேணும்னா இங்கதான்.

மொத்தத்துல வாங்கலாமா? பீரங்கி பிடிக்கும், அவசரம் இல்ல, மெக்லேப்ல அர டன்னுக்காக ஒரு மணி நேரம் யோசிக்கறது சித்ரவதையா தெரியாது, அப்படின்னா கண்ண மூடிட்டு வாங்கலாம். கூட மூணு நண்பர்கள் இருந்தா இன்னும் நல்லது, நாலு பேரு ஒரே பக்கமா சேந்து கோ-ஆப் ஆடலாம், ஏஐ தொல்லையும் இல்ல. கதைக்காக வாங்கறதா இருந்தா வேணாம்.

நேத்து ராத்திரி ஆடினத சொல்லிட்டு முடிச்சுக்கறேன். அதே பழைய ஹன்ச்பேக், இப்போ குண்டு எல்லாம் கால்ல, முன்பக்க கவசம் முழுசா. எதிர்ல சென்ச்சூரியன், அவனும் 50 டன், கையில ஏசி/10. என்கிட்ட ரெண்டு குண்டு மிச்சம். அவன் 400 மீட்டர்ல இருந்து அடிக்கறான், என்னோடது அங்க எட்டாது, மேட்டுக்குப் பின்னாடி ஒக்காந்துட்டேன். அவன் தேடிட்டு வருவான்னு தெரியும். ராடார்ல முன்னூறு, இருநூத்தி எம்பது. தலைய நீட்டினேன், நேரா வந்துட்டு இருந்தான், லீட் வேணாம், வலது நெஞ்சுல ஒண்ணு. அவன் சுட்டது என் தோளுக்கு மேல போச்சு. ரீலோட் ஆகற வரைக்கும் ஒடம்ப திருப்பி இடது பக்கத்த காட்டினேன், கன் இருக்கற பக்கம் மறைஞ்சுது, இடது கை போச்சு, பரவால்ல அதுல ஒரு மீடியம் லேசர்தான். திரும்பினேன், அதே எடத்துல ரெண்டாவது. அவன் வலது தோள் மொத்தமா கழண்டு கையோட கீழ விழுந்துச்சு, ஏசி/10ம் அதோட போச்சு. சால்வேஜ் லிஸ்ட்ல அந்த ஏசி/10 வரல.